மறந்தவர் யார்?

அமெரிக்காவின் ‘கொலம்போ’ துப்பறியும் தொலைக்காட்சித் தொடரில் 1975 செப்ரெம்பரில் ஒளிபரப்பான ‘மறக்கப்பட்ட பெண்மணி’ நமது ஆய்வுக்குரிய கதையாகும். ‘சைக்கோ’ (1960) படத்தால் உலகப்புகழ் பெற்ற ஜனற் லீ, தமது 48ஆம் வயதில், இவ்வொரு கதைக்கென அழைக்கப்பட்டு, கிறேஸ் வீலர் என்னும் முன்னாள் நட்சத்திரமாக நடித்தார்.

மீண்டும் மேடையேறத் துடிக்கும் கிறேஸ், அதற்குப் பணந்தர மறுத்த கணவரைக் கொல்கிறாள். மருத்துவரான அவர், அவளது தீராத மூளைநோயை அவளிடம் மறைத்தே மறுத்தார். அந்நோயினால் அவள் கொலையையே மறந்துபோகிறாள். எஞ்சிய நாள்களோ சில. பழைய சக நடிகர் பழியைத் தாம் ஏற்கிறார், கொலம்போவும் இணங்குகிறார். சட்டத்தினும் மனிதத்துவம் பெரிதெனக் கூறும் இம்முடிவை நாம் மதிக்கிறோம்.

ஆயினும் ஒன்றைக் கேளாதிருக்க இயலாது. கிறேஸ் தன் இளமையைக் கண்டு மகிழும் அப்பழைய படம், ஜனற் லீ 1953இல் உண்மையாகவே நடித்ததாகும். அதைத் தயாரித்தது யூனிவேர்சல். இத்தொடரைத் தயாரித்ததும் யூனிவேர்சலே. அன்று இளமை விலைபோயிற்று. பின்னர் அவ்விளமையின் ஏக்கமும் விலைபோயிற்று.

பெண்ணின் இளமையைச் சரக்காக்கி, அது கழிந்ததும் அவளை ஒதுக்குவது அத்தொழிலின் நியதி. கதை அந்நியதியை நோயாக மாற்றி, மறதியை அவள் மூளையில் ஏற்றிவிடுகிறது. தலைப்பு மட்டும் உண்மை பேசுகிறது: அவள் மறக்கப்பட்டவள். மறந்தவர்களை விசாரிக்கக் கொலம்போவும் செல்லவில்லை.