எந்தப் புகையிலை பழசாக வேண்டும்?

வாங்கிய டின்னை உடனே உடைக்கக் கூடாது, பத்து வருடமாவது பூட்டி வைத்தால்தான் பைப் புகையிலைக்குச் சுவை கூடும் என்ற நம்பிக்கை சுங்கான் பிடிப்பவர்களிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. இதில் பாதி உண்மை. அது எந்தப் பாதி என்று பார்க்காமல் எல்லா டின்களையும் அலமாரியில் அடுக்குவதுதான் கோளாறு.

உண்மைப் பாதி வர்ஜீனியா இலைக்கு உரியது. சூடேற்றிய கொட்டகையில் இந்த இலையைச் சில நாட்களிலேயே உலர்த்திவிடுகிறார்கள். இலை மஞ்சளாகும்போது அதன் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. அந்தச் சர்க்கரை மேலும் செலவாகாமல் வெப்பம் தடுத்துவிடுகிறது. டின்னுக்குள் அந்தச் சர்க்கரை அமினோ அமிலங்களோடு வருடக்கணக்கில் மெல்ல வினைபுரிகிறது; கரோட்டினாய்டு நிறமிகள் சிதைந்து மணப்பொருள்களாகின்றன. பழம்புளி கறுப்பதுபோல இலையும் கறுக்கிறது. ஆறேழு வருடம் கடந்த டின்னைத் திறந்தால், வெளிர்பழுப்பாக இருந்த புகையிலைத் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கருத்திருக்கும். வைக்கோல் வாடை போய் உலர்திராட்சை மணம் எழும். புகை நாக்கைச் சுடுவதும் தணிந்திருக்கும். லூயிசியானாவின் செயின்ட் ஜேம்ஸ் வட்டாரத்தில் பீப்பாயில் அழுத்திப் புளிக்கவைக்கும் பெரீக் இலையைச் சேர்த்த வர்ஜீனியா இன்னும் அழகாக மூப்படைகிறது. மிளகுக் காரமும் இனிப்பும் தனித்தனியே நிற்காமல் இழைந்துவிடுகின்றன.

மற்ற இலைகளுக்கு இதே வாக்கைக் கொடுக்க முடியாது. பர்லி இலை வாரக்கணக்கில் காற்றில் உலர்வதால் சர்க்கரையைத் தானே செலவழித்துவிடுகிறது. காத்திருந்தாலும் பெரிய மாற்றமில்லை. சைப்ரஸ் லட்டாக்கியாவோ விறகுப் புகையில் பதமாவது. அதை விரும்புகிறவர் அந்தப் புகை வாசனைக்காகவே விரும்புகிறார். காலம் முதலில் கரைப்பதும் அதைத்தான். வெனிலா, செர்ரி மணமூட்டிய கலவைகளை வைத்திருப்பது வீண்.

பழைய டின்னைப் புகழ்பவர்கள் எதனோடு ஒப்பிடுகிறார்கள் என்பதும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கான்சஸ் சிட்டியின் மெக்லெலண்ட் நிறுவனம் ‘கிறிஸ்துமஸ் சியர்’ என்ற வர்ஜீனியாவை ஆண்டுதோறும் ஒரு குறிப்பிட்ட விளைச்சலின் இலையைக் கொண்டு வெளியிட்டது. அதில் பழைய டின் மேலானதாகத் தோன்றினால் காரணம் வயதா, அந்த வருடத்து இலையா? அதே டின்னின் புதுச்சுவையோ பல வருடத்துக்கு முந்தைய நினைவு. 2018-இல் அந்த நிறுவனம் மூடப்பட்டதும் அதன் டின்கள் மறுவிற்பனையில் பல மடங்கு விலைக்குப் போயின. அவ்வளவு கொடுத்து வாங்கியவரின் நாக்கு நடுநிலையாக இருக்கும் என்று நான் நம்பவில்லை.

டின்னும் சாகாவரம் பெற்றதல்ல. ஈரமான இலை அதன் உட்புறத்தைத் துருப்பிடிக்க வைக்கும். துளை விழுந்தால் இலை சருகாகும். புகையிலைத் தகட்டின் மேல் தட்டையாக மினுங்கும் வெண்பொடி படிகமாக இருக்கலாம். பஞ்சுபோல நூல்நூலாக எழுந்து நின்றால் அது பூஞ்சைதான். இதையும் மூப்பின் அடையாளம் என்று கொண்டாடுவோரைக் கண்டால் வருத்தமாக இருக்கிறது.

என் கணிப்பில், வர்ஜீனியாவை ஐந்து வருடம் வைப்பதற்குப் பலன் உண்டு. அதற்குமேல் கிடைப்பது குறைவு, இழக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் இதமான புகையைக் கெடுதல் குறைந்த புகையாக எடுத்துக்கொள்வதை ஏற்கவே முடியாது. நாக்கைச் சுடாத புகையிலும் நிகோட்டின் இருக்கிறது. புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமைன்கள், பர்லி போலக் காற்றில் உலர்ந்த இலையைச் சூடான இடத்தில் நெடுநாள் வைத்தால், இன்னும் கூடவே செய்கின்றன.