குரலும் உழைப்பே

இசை நாடகப் பாடகரைப் பற்றி எழுதுவோர் அவருடைய குரலின் இனிமையைப் புகழ்வதோடு நின்றுவிடுகின்றனர். அக்குரலைப் பயிற்றியவர் யார், அதனாற் பயன் கொண்டவர் யார் என்று கேட்பதில்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் வாழ்வு இக்கேள்விகளை நம்முன் வைக்கின்றது.

1867ஆம் ஆண்டு, தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியிற் பிறந்த சுவாமிகள், பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றார். கணக்கராயிருந்து, பின் நாடக மேடை ஏறினார். எமனாகவும் இரணியனாகவும் அவர் முழங்கிய குரல் கேட்டோரை நடுங்க வைத்ததாம். சனீசுவரன் வேடத்தில் அவரைக் கண்ட கருவுற்ற பெண்ணொருத்தி அதிர்ச்சியுற்ற பின், அவர் வேடந் தரிப்பதை விட்டு 'வாத்தியார்' ஆனார் என்பர்.

1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிச் சிறுவர்களைப் பயிற்றினார். ஒலிபெருக்கி வராத காலம் அது. கொட்டகையின் கடைசியில் தரையில் அமர்ந்தவனுக்கும் பாட்டின் சொல் விளங்கவேண்டும். ஆகவே உச்ச சுருதியில் நின்று, சொல் சிதையாமற் பாடுவதே பயிற்சியாயிற்று. டி. கே. சண்முகம் அபிமன்யுவாக நடிப்பதற்கென்றே 'அபிமன்யு சுந்தரி'யை எழுதினார். மாணவனின் குரலறிந்து பாட்டுக் கட்டிய ஆசான் அவர்.

எனினும் பாலர் சபைகளின் குறையை மறைத்தல் நேர்மையாகாது. வறுமையே பல சிறுவர்களை அங்கே கொண்டு சேர்த்தது. அவர்களின் குரல் கம்பெனிகளுக்கு மூலதனம். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் அச்சிறுவனின் மதிப்பும் உடைந்தது. கலையைப் போற்றும் நாம் இந்தக் கணக்கையும் பார்க்கவேண்டாமா?

1921இல் பக்கவாதம் சுவாமிகளின் பேச்சைப் பறித்தது. மறு ஆண்டு புதுச்சேரியில் மறைந்தார். ஆசான் வாய் அடைபட்ட பின்னும் அவர் பாட்டு மாணவர் வாயில் வாழ்ந்தது. கற்பித்தலின் பொருள் இதுவன்றோ!

இவற்றைப் பதுளையிலிருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஊவாத் தோட்டங்களிலும் கூத்து வாத்தியார்கள் இருந்தனர். பகலெல்லாம் மலையில் வேலை செய்து, இரவிலே லயத்து வாசலில் தப்பொலியோடு ரதி மதன் பாட்டுகளைச் சொல்லிக் கொடுத்தனர். அங்கே கம்பெனியும் இல்லை, நுழைவுச் சீட்டும் இல்லை. மாசியிற் கம்பம் ஊன்றியது முதல் காமன் எரியும் இரவு வரை, பாடியவனும் கேட்டவனும் ஒரே பெரட்டில் நின்ற தொழிலாளர்.

அந்தத் தொடர்ச்சியை அறுத்தது கலைச் சுவை மாறியதன்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தது. தலைகளை எண்ணிய அரசுகள் குரல்களை எண்ணவில்லை. கோச்சியேறித் தலைமன்னார்த் துறைக்குப் போனவர்களோடு வாத்தியாரும் போனார். பாதிப் பாட்டுக் கற்ற சிறுவன் இங்கே நின்றான். ஏட்டில் எழுதாத கலைக்கு இதைவிடப் பெரிய இழப்பு எது?

இன்றும் சில தோட்டங்களிற் காமன் எரிகின்றான். பாடசாலைகளிலோ தமிழ்த் தினப் போட்டிக்கு மட்டும் கூத்து நினைவுக்கு வருகின்றது. எஞ்சியிருக்கும் வாத்தியார்களை வகுப்பறைக்கு அழைப்போம். ஆசிரியர்க்குரிய மதிப்பையும் ஊதியத்தையும் அவர்களுக்குக் கேட்போம். பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுவது போதாது. குரல் உழைப்பு, உழைப்புக்குக் கூலி கேட்பது மலையகத்துக்குப் புதிதன்று.