கிளட்ச் மேல் விழும் பழி

மிட்சுபிஷி எக்லிப்ஸ் காரின் இரண்டாம் தலைமுறை 1995-ஆம் ஆண்டு மாடலாக அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அதன் டர்போ வகையை மாற்றியமைத்துப் பந்தயத் தடத்தில் ஓட்டுபவர்களிடையே ஒரு கோளாறு பெயர்பெற்றது. வேகமான வளைவில், பெரும்பாலும் இடப்பக்கம் திரும்பும்போது, கிளட்ச் பெடலை மிதித்தால் எதிர்ப்பே இல்லாமல் கால் தரைவரை இறங்கிவிடும். கியர் விழாது. இரண்டு முறை விட்டு மிதித்தால் பெடல் மீண்டும் உயிர்பெறும். நேரான பாதையில் ஒரு குறையும் தெரியாது. கிளட்ச் போய்விட்டது என்று அங்கேயே முடிவுகட்டி விடுகிறார்கள். கியர்பாக்ஸ் இறங்குகிறது, முன்னதைவிட அழுத்தம் கூடிய பிரஷர் பிளேட் ஏறுகிறது. கொஞ்ச நாளில் அதே கோளாறு திரும்புகிறது, இம்முறை எஞ்சினையும் சேர்த்துக்கொண்டு.

இந்த முடிவை எந்தச் சாட்சியத்தின் மேல் எடுக்கிறார்கள் என்று கேட்டால் பதில் மிக மெலிதாக இருக்கிறது. ஆகவே சாட்சியங்களை ஒவ்வொன்றாக எடைபோடுவது அவசியம். இந்தக் காரை அதற்காகத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. மாற்றியமைத்த கார் ஒன்றில் கிளட்ச் எப்படியெல்லாம் கெடலாம், கெடாமலே கெட்டதுபோல் எப்படித் தோன்றலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

கார் பிறந்தது இல்லினாய் மாநிலத்தின் நார்மல் நகரில், கிரைஸ்லரும் மிட்சுபிஷியும் கூட்டாகத் தொடங்கிய டயமண்ட்-ஸ்டார் ஆலையில். எஞ்சின் 4ஜி63, இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர். ஆலையிலிருந்து வரும்போது 210 குதிரைத்திறன், ஏறத்தாழ 290 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. சிறிய டி25 டர்போவைக் கழற்றிவிட்டுப் பெரியதொன்றை மாட்டி, பூஸ்ட்டைக் கூட்டினால் 400 நியூட்டன் மீட்டரைத் தாண்டுவது பெரிய காரியமில்லை. வாங்க மலிவு, கூட்ட எளிது. ஆனால் கூடிய விசை முழுவதும் சக்கரத்துக்குப் போகும் வழியில் ஒரே ஒரு உராய்வுத் தட்டைத்தான் கடக்க வேண்டும்.

முதலில் பிரிக்க வேண்டியது நோயின் வகையை. கிளட்ச் பிடிக்காமல் வழுக்குவது ஒன்று. விடாமல் இழுத்துக்கொண்டிருப்பது மற்றொன்று. இரண்டும் எதிரெதிர் திசையில் நிற்கும் நோய்கள். முதலாவதில் எஞ்சின் சுற்று ஏறும், வேகம் ஏறாது. இரண்டாவதில் பெடலை முழுக்க மிதித்தும் தட்டு சுழன்றுகொண்டே இருக்கும், கியர் கரகரக்கும். ஹைட்ராலிக் கிளட்ச்சில் தட்டு தேயத் தேய, பிடிக்கும் இடம் பெடலின் மேல்பகுதிக்கு ஏறும். ஸ்லேவ் சிலிண்டரோ பெடல் கையோ கெட்டால் அது தரையை நோக்கி இறங்கும். இந்த ஒரு கவனிப்பே பாதி வழக்கை முடித்துவிடும். இதைக்கூடக் கேட்காமல் கியர்பாக்ஸைக் கழற்றுபவரை நான் நம்பமாட்டேன்.

வழுக்கலை எடுத்துக்கொள்வோம். ஒரு கிளட்ச் தாங்கும் முறுக்குவிசை நான்கு எண்களின் பெருக்கல்: உராய்வுக் கெழு, உராயும் முகங்களின் எண்ணிக்கை, அழுத்தும் விசை, சராசரி ஆரம். வெளிவிட்டம் 225 மில்லிமீட்டரும் உள்விட்டம் 150-உம் உள்ள ஒரு தட்டை வைத்துக் கணக்கிடலாம். சராசரி ஆரம் 95 மில்லிமீட்டர். அழுத்தும் விசை 6,000 நியூட்டன், உராய்வுக் கெழு 0.3, முகங்கள் இரண்டு என்று கொண்டால் 342 நியூட்டன் மீட்டர் வருகிறது. 290-க்கு இது போதும், கொஞ்சம் கையிருப்பும் உண்டு. 400-க்குப் போதாது. தட்டு சூடேறிக் கெழு 0.22-க்கு இறங்கினால் தாங்குதிறன் 251. மாற்றாத எஞ்சினுக்கே அது போதாது. குளிர்ந்த நிலையில் நன்றாக இருக்கும் கிளட்ச் நான்காவது சுற்றில் வழுக்குவது இதனால்தான். அதைச் சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்வதில் பயனில்லை.

இங்கே எடைகுறைத்த ஃப்ளைவீலும் தன் பங்கைச் செய்கிறது. 1,400 கிலோ காரை நின்ற நிலையிலிருந்து கிளட்ச்சை வழுக்கவிட்டே மணிக்கு 40 கி.மீ. வரை கொண்டுபோனால் கிளட்ச்சில் பிறக்கும் வெப்பம் ஏறத்தாழ 86 கிலோஜூல். அதில் பாதியை ஏற்கும் 8 கிலோ ஃப்ளைவீலின் சராசரிச் சூடு 11 டிகிரி கூடும். அதே ஃப்ளைவீலை 4 கிலோவாக்கினால் 23 டிகிரி. இது சராசரிதான்; உராயும் மேற்பரப்பு அந்தக் கணத்தில் பல மடங்கு சூடாகும். எஞ்சின் சுற்று துள்ளி ஏற வேண்டும் என்று எடையைக் குறைத்தவர், சூட்டை வாங்கி வைக்கும் உலோகத்தையும் சேர்த்தே குறைத்திருக்கிறார்.

வழுக்கலை நிறுவப் பலரும் செய்யும் சோதனை, பிரேக்கை அழுத்திக்கொண்டு மேல் கியரில் கிளட்ச்சை விட்டு எஞ்சின் அணைகிறதா என்று பார்ப்பது. டர்போ காரில் இதற்கு மதிப்பு மிகக் குறைவு. அந்தக் குறைந்த சுற்றில் பூஸ்ட்டே கிடையாது. மூன்றில் ஒரு பங்கு முறுக்குவிசையைத் தாங்கியதற்காக ஒரு கிளட்ச்சுக்கு நற்சான்று கொடுக்க முடியாது. நம்பத்தக்கது பதிவுக்கருவியின் தரவு. நான்காவது கியரில் 5,000 சுற்றில் மணிக்கு 130 கி.மீ. போகும் கார் 6,000 சுற்றில் 156 போக வேண்டும். 145-தான் காட்டுகிறது என்றால் ஏறத்தாழ 420 சுற்று எங்கோ தொலைந்திருக்கிறது. அது சக்கரம் சுழன்றதாலும் இருக்கலாம். முன்சக்கர இழுவைக் காரில் பின்சக்கர வேகத்தோடு ஒப்பிட்டு அதை விலக்கலாம். நான்கு சக்கர இழுவை உள்ள ஜி.எஸ்.எக்ஸ். வகையில் செயற்கைக்கோள் வழி அளந்த வேகம் வேண்டும். கருகல் வாசனையை நான் துணைச் சாட்சியாக மட்டுமே ஏற்பேன். தட்டு எரிந்தது என்று அது சொல்லும்; ஏன் எரிந்தது என்று சொல்லாது.

வழுக்கல் உறுதியானாலும் தட்டு பலவீனமானது என்று ஆகிவிடாது. பூஸ்ட் கூட்டிய எஞ்சினில் பிஸ்டன் வளையங்களைக் கடந்து கிராங்க் அறைக்குள் இறங்கும் வாயு அதிகம். அதை வெளியேற்றும் வழி அடைபட்டால், அழுத்தம் பின்பக்க ஆயில் சீல் வழியே எண்ணெயைத் தள்ளும். எண்ணெய் தட்டில் படும். அங்கே புதுக் கிளட்ச் மாட்டுவது வீண்செலவு. இன்னொன்று, இந்தக் காரின் ஃப்ளைவீலில் உராயும் முகமும் பிரஷர் பிளேட் அமரும் முகமும் வெவ்வேறு மட்டத்தில் படியாக இருக்கும். லேத்தில் உராயும் முகத்தை மட்டும் கடைந்துவிட்டு மற்றதை விட்டால் அழுத்தும் விசை குறைந்துவிடும். புதுத் தட்டு, புதுப் பிளேட், ஆனாலும் வழுக்குகிறது என்று புலம்புபவர் முதலில் அளந்து பார்க்க வேண்டியது இந்தப் படியை.

இனி விடாத கிளட்ச். தொடக்கத்தில் சொன்ன கோளாறு இந்த வகை. இங்கே உராய்வுத் தட்டின் மேல் சந்தேகப்பட அநேகமாகக் காரணமே இல்லை. பெடல், மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர், ஃபோர்க், அது சாய்ந்தாடும் குமிழ், ரிலீஸ் பேரிங், கடைசியில் பிரஷர் பிளேட்டின் விரல்கள் என ஒரு நீண்ட சங்கிலி. இதில் எந்தக் கண்ணியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தொலைந்தாலும் தட்டு விடுபடாது. இந்தக் காரில் ஸ்லேவ் சிலிண்டர் வெளியே இருப்பது பெரிய வசதி. ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் தண்டு எவ்வளவு நகர்கிறது என்று அளவுகோலால் அளந்துவிடலாம். நகர்வு குறைவாக இருந்தால் குற்றம் ஹைட்ராலிக் பக்கமோ பெடல் பக்கமோ. பிளேட்டின் அழுத்தம் கூடக் கூடப் பெடல் கையும் தேய்ந்த புஷ்களும் வளைந்துகொடுத்து நகர்வை விழுங்குவது இங்கே அடிக்கடி நடப்பது.

திரவம் கொதிப்பதும் உண்டு. டாட் 4 திரவத்தின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்; ஈரம் உறிஞ்சிய பிறகு இந்த எல்லை 155. எக்ஸாஸ்ட் குழாய்க்கு அருகில் ஓடும் பழைய திரவம் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் மெத்தென்று ஆகும். ஆனால் சுற்றுகள் கூடக் கூட அது வளரும், ஆற விட்டால் தணியும். இடம் வலம் பார்க்காது. வளைவின் திசையைப் பொறுத்து வரும் கோளாறுக்கு இரண்டு சந்தேகப் புள்ளிகளே மிஞ்சுகின்றன. ஒன்று, திரவ மட்டம் குறைந்து வளைவில் ஒருபக்கம் ஒதுங்க, குழாய்க்குள் காற்று புகுவது. அப்படியானால் வளைவு முடிந்த பின்னும் பெடல் மெத்தென்றே இருக்கும். மற்றொன்று கிராங்க் ஷாஃப்ட்.

கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் பிடித்துவைப்பது த்ரஸ்ட் பேரிங். புதிதாக இருக்கும்போது இந்த எஞ்சினில் அனுமதிக்கப்படும் ஆட்டம் 0.05 முதல் 0.18 மில்லிமீட்டர். பேரிங் தேய்ந்து ஆட்டம் மில்லிமீட்டர் கணக்கில் வளர்ந்தால், குறுக்காகப் படுத்திருக்கும் எஞ்சினில் வளைவின் பக்கவிசை ஷாஃப்ட்டையே ஒரு பக்கம் தள்ளும். கூடவே ஃப்ளைவீலும் பிரஷர் பிளேட்டும் நகரும். ரிலீஸ் பேரிங் எங்கே நிற்க வேண்டும் என்ற கணக்கு குலையும். பெடலின் முதல் மிதி அந்த இடைவெளியை நிரப்புவதிலேயே செலவாகிவிடும். மறுபடி மிதித்தால் சரியாவதும் அதனால்தான். கிளட்ச் முழுவதும் நல்ல நிலையில் இருக்கும்போதே அது செத்ததுபோல் நடிக்கிறது.

இதை உறுதிசெய்யக் கியர்பாக்ஸைத் தொட வேண்டியதே இல்லை. கிராங்க் புல்லியின் முகத்தில் டயல் கேஜை நிறுத்தி ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொன்னால் போதும். பிறகு ஷாஃப்ட்டை எதிர்ப்பக்கம் நெம்பிப் பார்க்கலாம். வெறும் கண்ணுக்கே புல்லி நகர்வது தெரிந்தால் வழக்கு முடிந்தது. ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்த்தால் பேரிங் உலோகத்தின் மினுக்கம் இருக்கும். கிராங்க் சென்சாரைச் சுழலும் தகடு உரசியிருந்தால் அது இன்னொரு சாட்சி.

பேரிங் ஏன் தேய்கிறது என்பதில் பல ஆண்டுகளாகச் சண்டை. கடினமான பிரஷர் பிளேட் காரணம் என்போர் ஒரு கட்சி. பெடலை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த விசையை த்ரஸ்ட் பேரிங்தான் தாங்குகிறது என்பது உண்மை. ஆனால் கிளட்ச்சே மாற்றாத கார்களிலும் இந்த நோய் வந்திருக்கிறது. முதல் தலைமுறையின் நடுவில், ஃப்ளைவீலை ஆறு போல்ட்டில் பிடித்த கிராங்க் ஏழு போல்ட்டுக்கு மாறியதே காரணம் என்போர் இன்னொரு கட்சி. பழைய ஆறு போல்ட் எஞ்சினைத் தேடி மாட்டுவது அதனால் பரவியது. பின்னர் வந்த லான்சர் எவொல்யூஷன் கார்களும் ஏழு போல்ட்தான், கடும் கிளட்ச்சோடு ஓடியவைதான். அவற்றுக்கு இந்த அவப்பெயர் அந்த அளவுக்கு இல்லை. ஆகவே போல்ட் எண்ணிக்கையை மட்டும் குற்றவாளியாக்க முடியாது. பெடலை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்ற அமெரிக்க ஏற்பாட்டில், எண்ணெய்ப் படலம் வற்றிய பேரிங்மேல் குளிர்ந்த எஞ்சினின் முதல் சுற்றுகளிலேயே சுமை ஏறுகிறது என்பது மூன்றாவது வாதம். தர்க்கம் சரியானது, தனியாக எவ்வளவு பழியைச் சுமக்கும் என்பதற்கு அளந்த சான்று இல்லை. அந்தச் சுவிட்சை நீக்கச் சொல்லும் பரிந்துரையை நான் ஏற்கவில்லை. கியரில் நிற்கும் கார் ஸ்டார்ட்டாகி எதிரே நிற்பவர் மேல் பாயாமல் தடுப்பதும் அதே சுவிட்ச்தான்.

எடைபோட்டபின் என் தீர்ப்பு இது. நோயின் தோற்றுவாய் எஞ்சினுக்குள் இருக்கிறது. கடினமான பிளேட் அதை விரைவுபடுத்துகிறது. ஆகவே இந்தக் காரில் தாங்குதிறனைக் கூட்ட அழுத்தும் விசையைக் கூட்டுவது வழிகளிலேயே மோசமானது, அதுவே எல்லோரும் முதலில் செய்வதாகவும் இருக்கிறது. அந்த நான்கு எண்களில் மற்றவற்றைத் தொட இடம் உண்டு. கெழு கூடிய உலோகத்தட்டு மாட்டினால் பிடி முரடாகும், நெரிசலில் ஓட்டுவது துன்பம். தடத்துக்கு மட்டுமான காரில் அது பொறுத்துக்கொள்ளத்தக்கது. முகங்களை நான்காக்கும் இரட்டைத்தட்டுக் கிளட்ச், அதே அழுத்தத்தில் தாங்குதிறனை இரட்டிப்பாக்கும்; பெடலும் த்ரஸ்ட் பேரிங்கும் பழைய சுமையோடு நிற்கும். நான் பரிந்துரைப்பது இதையே, ஒரு நிபந்தனையோடு. பிளேட் விலகும் அதே சிறு தூரத்தை நான்கு முகங்கள் பகிர வேண்டியிருப்பதால், ஹைட்ராலிக் நகர்வில் ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் அது விடாமல் இழுக்கும். ஸ்லேவ் தண்டை அளந்து பார்க்காதவர் அதை வாங்கக் கூடாது. டயல் கேஜில் ஆட்டம் எல்லையைத் தாண்டியிருந்தாலோ எந்தக் கிளட்ச்சையும் வாங்கக் கூடாது. அந்தப் பணம் எஞ்சினைப் பிரிப்பதற்கு வேண்டும்.