கை படாத வண்டிகள்

ஓசூரில் பழைய பைக் வாங்கி விற்பவர் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும், டீ ஆறுவதற்குள் ஆர்எக்ஸ் 100 வந்துவிடும். பாகலூர் சாலை, தளி சாலை, ராயக்கோட்டை சாலை என எங்கே போனாலும் ‘ஆட்டோ கன்சல்டிங்’ பலகைக்குக் கீழே அந்த ஒரு வண்டிக்குத்தான் நிழலில் இடம். எனக்கு அதன்மேல் பகை கிடையாது. எஸ்கார்ட்ஸும் யமஹாவும் சேர்ந்து 1985இல் இறக்கிய வண்டி. 98 சிசி, 11 குதிரைத்திறன், நூறு கிலோவை ஒட்டிய எடை. அது ஏன் அப்படிப் பாய்ந்தது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். 1996இல் உற்பத்தி நின்றது. இன்று பேப்பர் சுத்தமாக இருக்கிற நல்ல வண்டிக்கு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள், கொடுக்கவும் செய்கிறார்கள்.

என் மனத்தாங்கல் வேறு. டெல்லிப் பக்கம் செய்த வண்டிக்கு நிழல். இதே ஊரில், ஹரிதாவில் உள்ள டிவிஎஸ் ஆலையில் செய்த வண்டிகளுக்குப் பின்வரிசையில் வெயில். சாமுராய் ஒன்று சீட் கிழிந்து நிற்கும். மேக்ஸ் 100 ஒன்றின் கேரியரில் கடைக்காரரே பழைய டயரை அடுக்கி வைத்திருப்பார். ‘அது என்ன விலை?’ என்று கேட்டால், ‘அதுவா சார், ஓட்டறதுக்கா, கட்டிங்குக்கா?’ என்று திருப்பிக் கேட்பார். பாகம் பாகமாகப் பிரித்து விற்பதற்கா என்று அர்த்தம்.

இந்த ஊருக்கு வண்டி ஒரு பிழைப்பு என்பதால் வந்த அலட்சியம் இது என்று நினைக்கிறேன். 1980இல் இங்கிருந்துதான் டிவிஎஸ் 50 வெளியே போனது. இரண்டு பேர் உட்கார்ந்து போகக்கூடிய மொபெட் இந்தியாவில் அதுதான் முதல். 1984இல் இங்கிருந்தே இண்ட்-சுசுகி ஏஎக்ஸ் 100. ஜப்பானியக் கம்பெனியின் கூட்டோடு இந்தியாவில் வந்த முதல் 100 சிசி பைக். ஹீரோ ஹோண்டாவின் சிடி 100, ஆர்எக்ஸ் 100, கவாசாகி கேபி 100 எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவைதான். பிறகு கம்பெனி டிவிஎஸ்-சுசுகி ஆனது. சாமுராய், மேக்ஸ் 100, 1993இல் ஷோகன், அதற்கப்புறம் ஷாவோலின். 2001இல் டிவிஎஸ்ஸும் சுசுகியும் பிரிந்தன. அதற்குள் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகி, டூ ஸ்ட்ரோக் இன்ஜினின் காலம் முடிகிற நிலைக்கு வந்திருந்தது. ஏறக்குறைய இருபது வருடத்தில் ஒரு பரம்பரையே இந்த ஊரில் பிறந்து முடிந்துவிட்டது. அந்தப் பரம்பரையைத்தான் கேரியரில் டயர் அடுக்கி வைத்திருக்கிறோம்.

பழைய வண்டி வாங்கி விற்பதை ஒரு கலை என்று நான் சொல்வது ரீஸ்டோர் செய்கிறவர்களை மனதில் வைத்து அல்ல. டிங்கரிங் பண்ணி, பட்டி பார்த்து, பளபளவென்று பெயின்ட் அடித்து, புது ஸ்டிக்கர் ஒட்டி, ரிம்முக்குக் குரோம் ஏற்றி நிறுத்துவது உழைப்பு; அதற்குக் கூலி உண்டு. ஆனால் அப்படி நிறுத்திய பத்து வண்டிகளும் ஒரே மாதிரி இருக்கும். கலை என்பது, ஒரு வண்டியைப் பார்த்ததும் இதில் எதைத் தொடக்கூடாது என்று தெரிந்துகொள்வது. சோப்புத் தண்ணீரில் கழுவி, கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, டயர் மாற்றி, அதோடு கையை எடுத்துக்கொள்ளத் தெரிந்தவர் இந்தச் சாலைகளில் அபூர்வம். டேங்கில் முட்டி உரசித் தேய்ந்த இடம் அப்படியே இருக்க வேண்டும். பெயின்ட் மங்கியிருந்தால் மங்கட்டும். பெயின்டை எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம். கம்பெனி பெயின்டை ஒருமுறை சுரண்டினால் திரும்ப வராது.

கம்பெனி பெயின்டா என்று பார்க்க டேங்கைப் பார்ப்பது வீண். சீட்டைக் கழற்றி அதன் அடியில் இருக்கும் சேஸிஸைப் பார்க்க வேண்டும். சைடு பேனலின் உள்பக்கத்தைப் பார்க்க வேண்டும். வெளியே சிவப்பு, உள்ளே நீலம் என்றால் கதை அங்கேயே தெரிந்துவிடும். ஒயரிங் மேலும் ரப்பர் புஷ் மேலும் பெயின்ட் தெறித்திருந்தால், பிரிக்காமலே அடித்திருக்கிறார்கள்.

அடுத்து ஸ்க்ரூ. இது எனக்கு மிகவும் பிடித்த இடம். ஜப்பானிய வடிவமைப்பு என்பதால் இந்த இன்ஜின்களில் மேக்னெட் கவருக்கும் கிளட்ச் கவருக்கும் ஸ்டார் ஸ்க்ரூ. சரியான டிரைவர் இல்லாமல் திருகினால் தலை வழுக்கிவிடும். வழுக்கியதும் நம் மெக்கானிக் உளியை எடுத்து ஓரத்தில் வைத்துத் தட்டிக் கழற்றுவார். அந்த உளி வடு அலுமினியத்தில் அழியாது. எட்டு ஸ்க்ரூவில் ஆறுக்கு வடு என்றால், அந்த இன்ஜின் எத்தனை பேர் கையில் பிரிபட்டது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஸ்க்ரூகூட அடிபடாமல், தலையில் துத்தநாக மினுமினுப்போடு இருந்தால் மற்ற குறைகளை மன்னித்துவிட்டு நான் அட்வான்ஸுக்குப் பையில் கை வைப்பேன். மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் காட்டுகிறது என்பதை நான் படிப்பதே இல்லை. மீட்டர் பொய் சொல்லும், ஸ்க்ரூ சொல்லாது.

இன்ஜினைக் கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. போய் நின்றதும் பிளாக்கைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், நாம் வருவதற்கு முன்பே ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள். ஆறிய இன்ஜின் காட்டிக்கொடுத்துவிடும் எதையோ மறைக்கப் பார்க்கிறார்கள். அப்போது டீ சாப்பிடப் போய்விடுவதே நல்லது, ஆறட்டும். பிறகு காலால் உதைக்காமல் கையாலேயே கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். கம்ப்ரஷன் எதிர்த்து நிற்கும் இடம் கைக்குத் தெரியும். ஸ்டார்ட் ஆனதும் வருகிற புகைக்கு அஞ்ச வேண்டாம்; டூ ஸ்ட்ரோக் என்றால் 2டி ஆயிலும் எரியத்தான் செய்யும். ஐந்து நிமிடம் கழித்தும் திரண்டு வெள்ளையாக வந்தால், கியர் ஆயில் மணம் அடித்தால், கிளட்ச் பக்கத்து ஆயில் சீல் போய் கியர்பாக்ஸ் ஆயிலைக் கிராங்க் உறிஞ்சுகிறது. அதற்கு நேர்மாறாக, ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் ஆர்பிஎம் இறங்காமல் கத்திக்கொண்டே நின்றால் மேக்னெட் பக்கத்து சீல் வழியாகக் காற்று புகுகிறது. சீல் சின்னப் பொருள்தான். ஆனால் காற்று புகுந்த இன்ஜினை அப்படியே ஓட்டியிருந்தால் பிஸ்டன் சூடேறிக் கவ்வியிருக்கும். பிளாக்கைப் போர் போட்டிருப்பார்கள். போர் ஒவ்வொரு முறையும் கால் மில்லிமீட்டர் பெரிதாகும். ஸ்டாண்டர்ட் போரில் இருக்கிற பிளாக் கிடைத்தால் அதைப் பற்றி விற்பவரிடம் வாய் திறக்காமல் இருப்பது வாங்குபவரின் நாகரிகம்.

சஸ்பென்ஷனை யாரும் பார்ப்பதில்லை. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்ந்திருப்பது தெரியும். முன் பிரேக்கைப் பிடித்து ஹேண்டிலை அழுத்தினால் கோன்செட் ‘டக்’கென்று சொல்லும். சஸ்பென்ஷன் தலைவலி நமக்கு மட்டும் சொந்தமல்ல: அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 1990களின் மலைச் சைக்கிள்களை, அதுவும் முன்னும் பின்னும் ஷாக் வைத்த முழு சஸ்பென்ஷன் சைக்கிள்களை வாங்கி விற்கிற ஒரு கூட்டம் இருக்கிறது. ஜிடி, ட்ரெக் ஒய், புரோஃப்ளெக்ஸ் என்றால் கண் மின்னும் ஆட்கள். அவர்கள் படும் பாடும் இதேதான்: பிரேம் இரும்பாகவோ அலுமினியமாகவோ கார்பனாகவோ அப்படியே நிற்கும்; ஷாக்கின் உள்ளே ஸ்பிரிங்குக்குப் பதிலாக வைத்த ரப்பர் மாதிரியான துண்டு வருடம் போகப் போகக் கல்லாகிவிடும், இல்லையென்றால் பிசினாகிவிடும். அந்த அளவில் இன்று கிடைப்பது அரிது. பழைய வண்டியைச் சாகடிப்பது துரு என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் ரப்பர்தான். கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் கழுத்து வெடித்துவிட்டால், அதற்காகப் பெங்களூரு ஜே.சி. ரோட்டுக்கு ஒரு நடை, அங்கே கிடைக்காவிட்டால் சென்னை புதுப்பேட்டைக்கு ஒரு நாள். ஓசூர்க்காரருக்கு இதில் ஒரு சவுகரியம்: ஜே.சி. ரோடு காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிற தூரம், டிராஃபிக் விட்டால்.

எல்லையோரம் என்பதால் இந்த வியாபாரத்துக்கு வேறு ஒரு வித்தையும் தேவைப்படுகிறது: பேப்பர். ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கம் டிஎன், அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் கேஏ. இரண்டு மாநிலத்து வண்டிகளும் ஒரே கடையில் நிற்கும். கேஏ வண்டி எப்போதும் கொஞ்சம் மலிவாகத் தெரியும். அதில்தான் வெளியூர்க்காரர் ஏமாறுவார். அங்குள்ள ஆர்டிஓவில் 28ஆம் படிவத்தில் என்ஓசி வாங்க வேண்டும். 29, 30 படிவங்களில் ஆர்சியில் பெயர் உள்ளவரின் கையெழுத்து வேண்டும். அவர் எந்த ஊரில் இருக்கிறாரோ, இருக்கிறாரோ இல்லையோ! அப்புறம் இங்கே வந்து ஆயுள் வரியை மறுபடி கட்ட வேண்டும். பதினைந்து வருடம் தாண்டிய வண்டி என்பதால் ஆர்சியைப் புதுப்பிக்க வண்டியை நேரில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஆர்சியில் கறுப்பு என்று இருக்க, வண்டி மெட்டாலிக் பச்சையில் வந்து நின்றால் பதில் சொல்ல வேண்டும். பெயின்டைத் தொடாதே என்று நான் சொல்வதற்கு ரசனை மட்டும் காரணமல்ல.

டிஎன் வண்டியிலும் எண்ணை வைத்துக் கொஞ்சம் படிக்கலாம். கிருஷ்ணகிரி மாவட்டம் 2004இல்தான் தருமபுரியிலிருந்து பிரிந்தது. இன்று ஓசூருக்கு 70, கிருஷ்ணகிரிக்கு 24. தருமபுரியின் 29 போட்ட சாமுராயோ ஷோகனோ இங்கே நின்றால், அது பிறந்த மண்ணிலேயே விற்று, பிறந்த மண்ணிலேயே ஓடிய வண்டியாக இருக்க வாய்ப்புண்டு. ஒரே குடும்பத்தின் கையில் இருந்ததா என்று விசாரிக்கத் தோன்றும். சேஸிஸ் நம்பரை மட்டும் விரலால் தடவிப் பார்க்காமல் நகரக் கூடாது. நம்பர் அடித்த இடத்தில் அரம் போட்ட கீறல் தெரிந்தால், எழுத்து வரிசை தள்ளாடினால், எவ்வளவு மலிவு என்றாலும் வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். திருடர்கள் கண் வைப்பது ஆர்எக்ஸ் 100 மேல்தான். விலை ஏறினால் திருட்டும் கூடவே ஏறுகிறது. சாமுராயை யாரும் திருடுவதில்லை என்பது அதன் சிறப்புகளில் ஒன்று.

இந்தப் பரம்பரையில் உண்மையிலேயே கிடைக்காத வண்டி எது என்று கேட்டால், முதல் காலத்து டிவிஎஸ் 50 என்பேன். லட்சக்கணக்கில் ஓடிய வண்டி எப்படிக் கிடைக்காமல் போகும்? ஓடியதால்தான். ராயக்கோட்டைத் தக்காளிக்கூடை, பாகலூர் பக்கத்து ரோஜாப்பூ மூட்டை, பால் கேன், புல்லுக்கட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூன்று பேர் என்று அது சுமக்காததில்லை. அதை யாரும் ஷெட்டில் போர்த்தி வைக்கவில்லை. உயிர் போகும்வரை ஓட்டி, பழைய இரும்புக்குப் போட்டார்கள். பெடல் இரண்டும் அப்படியே இருக்கிற, இன்ஜினும் சேஸிஸும் ஒன்றாகவே பிறந்த எண்பதுகளின் டிவிஎஸ் 50 ஒன்றை இந்த மாவட்டத்தில் கண்டுபிடிப்பது, நல்ல ஆர்எக்ஸ் 100 கண்டுபிடிப்பதைவிடக் கஷ்டம். சந்தைக்கு இன்னும் இது புரியவில்லை. புரிகிற அன்று நமக்கு எட்டாது.

ஓட்டுகிற சுகத்துக்கு என்றால் ஷோகன். 108 சிசியில் 14 குதிரைத்திறன், அதுவும் 8,500 ஆர்பிஎம்மில். ஆர்எக்ஸ் 100 முதல் கியரிலேயே உறவு கொண்டாடும், ஷோகன் அப்படியல்ல. கீழே சோம்பல், ‘இதுக்கா இவ்வளவு பேச்சு’ என்று தோன்றும். ஆக்சிலரேட்டரைத் திருகிக்கொண்டே இருந்தால் பாதிக்கு மேல் ஓரிடத்தில் சத்தம் மாறும், சீட் பின்னால் இழுக்கும். அதற்கப்புறம் கியரை மாற்ற மனசு வராது. இந்தக் குணத்தால்தான் அன்றைக்குப் பலர் அதைப் பிடிக்கவில்லை என்று விற்றார்கள். இதே குணத்தால்தான் இன்றைக்குச் சிலர் அதைத் தேடுகிறார்கள். நல்ல ஷோகனைச் சோதிக்க ஓசூர் சாலைகள் போதாது. கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி நோக்கி மேலுமலை ஏற்றத்தில் ஒருமுறை ஏற்றிப் பார்க்க வேண்டும். தேய்ந்த பிஸ்டன், அடைத்த சைலன்சர், காற்று புகும் சீல் என்று சமதளத்தில் மறைந்திருந்ததெல்லாம் அந்த ஏற்றத்தில் வாய் திறக்கும். மேலே போய் நிறுத்தி, ஆற விடாமல் உடனே மறுபடி கிக் அடித்து, முதல் உதையிலேயே பிடித்தால் இன்ஜினைப் பற்றி இனி கேள்வி இல்லை.

மிச்சம் ஒரே கேள்வி. டூ ஸ்ட்ரோக்குக்கு சைலன்சர் வெறும் புகைக் குழாய் அல்ல. அதன் உள்வடிவம்தான் சிலிண்டருக்குள் புதுக் காற்றும் பெட்ரோலும் தங்குவதைத் தீர்மானிக்கிறது. சத்தத்துக்காக வேறு சைலன்சர் மாட்டிய ஷோகனிடம் அந்த இழுப்பு கிடைக்காது. கம்பெனி சைலன்சர் கடையிலும் கிடைக்காது. ஆனால் கழற்றிய இரும்பை நம் ஆட்கள் லேசில் தூக்கி எறிவதில்லை. ‘பழைய சைலன்சர் பரண்மேல கிடக்குதாண்ணா, கொஞ்சம் பாருங்க’ என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.