கோட்டின் நினைவு: வெக்டரா, ராஸ்டரா?

வெக்டர் லேயரையும் ராஸ்டர் லேயரையும் ஒப்பிடுவோர் முதலில் கையில் எடுக்கும் சோதனை உருப்பெருக்கம். கோட்டை எட்டு மடங்கு பெரிதாக்கினால் வெக்டர் கூர்மையாக நிற்கும், ராஸ்டர் படிக்கட்டாக உடையும். அத்துடன் தீர்ப்பு முடிந்துவிடுகிறது. இந்தச் சோதனை பிழையானதல்ல, போதாதது. முடிந்த படம் 1920×1080 அல்லது 3840×2160 போன்ற ஒரு சட்டத்துக்குள் பிக்சலாகவே வெளிவருகிறது. எந்த வெக்டர் கோடும் இறுதியில் ராஸ்டராகித்தான் கண்ணை எட்டுகிறது. ஆகவே தேட வேண்டிய வேறுபாடு திரையில் இல்லை, வேலை நடக்கும் கோப்பில் இருக்கிறது. வரைந்து முடித்தபின் அந்தக் கோட்டைப் பற்றி லேயர் எதை நினைவில் வைத்திருக்கிறது என்பதே எடைபோட வேண்டிய பொருள்.

வெக்டர் லேயர் செயலை நினைவில் வைக்கிறது: இந்தப் புள்ளியில் தொடங்கி, இப்படி வளைந்து, இந்தத் தடிமனில் இங்கே முடிந்தது என்று. ராஸ்டர் லேயர் விளைவை நினைவில் வைக்கிறது: இந்தக் கட்டத்தில் இந்த நிறம், இவ்வளவு ஒளிபுகாமை என்று. முன்னதற்குக் கோடு ஒரு பொருள். பின்னதற்கு அது ஒரு தடம். இதிலிருந்து மூன்று அளவுகோல்கள் பிறக்கின்றன: வரைந்த கையின் இயல்பை லேயர் எவ்வளவு காக்கிறது, திருத்தத்துக்கு எவ்வளவு இடம் தருகிறது, அசைவுக்கு எவ்வளவு உதவுகிறது. ஒப்பீட்டின் மையமாக ஓப்பன்டூன்ஸ் என்ற அசைவூட்ட மென்பொருளைக் கொள்கிறேன். வெக்டர், முழுநிற ராஸ்டர், டூன்ஸ் ராஸ்டர் என்ற மூன்று வகைகளும் அதற்குள்ளேயே இருப்பதால், மென்பொருள் வேறுபாடு குறுக்கிடாமல் லேயர் வேறுபாட்டை மட்டும் ஆராய முடிகிறது. டிவிபெயிண்ட், ஹார்மனி என்ற வேறு இரு அசைவூட்ட மென்பொருள்கள் துணைச் சான்றுகள்.

முதல் அளவுகோலில் ராஸ்டரின் மேன்மை ஐயத்துக்கு இடமற்றது. பென்சிலின் கரடு, காய்ந்த தூரிகை இழுபட்ட ஓரம், மைமேல் மை படிந்த அடர்த்தி ஆகியவற்றுக்குச் சமன்பாடு தேவையில்லை. பிக்சலாகப் பதிந்தால் போதும். டிவிபெயிண்டில் அசைவூட்டப்பட்ட ‘வுல்ஃப்வாக்கர்ஸ்’ (2020) இதற்கு நல்ல சான்று. நகரத்துக்கு மரச்செதுக்கு அச்சுப் போன்ற தடித்த, மூடிய கோடு. காட்டுக்கும் ஓநாய்களுக்கும் முதல் வரைவின் தேடல் அழியாத, கட்டவிழ்ந்த கோடு. கதையின் முரண் கோட்டின் முரணாகவே காட்சிப்படுகிறது. அந்தக் காட்டுக்கோட்டைச் சீர்செய்து அடைத்திருந்தால் படத்தின் வாதமே தளர்ந்திருக்கும்.

ஓப்பன்டூன்ஸின் வெக்டர் கோடு, தடிமன் ஏற்றப்பட்ட கட்டுப்பாட்டுப் புள்ளிகளைக் கொண்ட இருபடி வளைவுகளின் தொடர். கை போன பாதையை மென்பொருள் இத்தகைய வளைவுகளுக்குள் பொருத்தும்போது நடுக்கம் வடிகிறது. அதனுடன் தயக்கமும் வேகமாற்றமும் வடிகின்றன. சுத்தக் கோடு வேண்டிய இடத்தில் இது குணம். உயிர்க்கோடு வேண்டிய இடத்தில் இதுவே குற்றம். ஹார்மனி, வெக்டர் வடிவத்துக்குள் பிட்மேப் டெக்ஸ்சரை நிரப்பும் தூரிகையால் இக்குறையை ஈடுகட்டுகிறது. கண்ணுக்கு அது நிறைவு தருவதே. ஆனால் உள்ளே பிட்மேப் புகுந்தபின், எவ்வளவு பெரிதாக்கினாலும் தரம் குன்றாது என்ற வெக்டரின் உரிமை அந்தக் கோட்டுக்குச் செல்லாது.

இரண்டாம் அளவுகோலில் நிலை தலைகீழாகிறது. தாடைக்கோடு சற்றே உள்வாங்க வேண்டும் என்றால் வெக்டரில் இரண்டு புள்ளிகளை நகர்த்தினால் தீர்ந்தது. ராஸ்டரில் அழித்து மீண்டும் வரைய வேண்டும். நொடிக்கு 24 பிரேம், இரண்டு பிரேமுக்கு ஒரு சித்திரம் என்று கொண்டாலும் ஒரு நிமிடத்துக்கு 720 சித்திரங்கள். கேமரா இருமடங்கு நெருங்கப் போகிறது என்றால் ராஸ்டரில் வரைபவர் அதை முன்பே அறிந்து நான்கு மடங்கு பிக்சலில் வரைந்திருக்க வேண்டும். சுமையும் சிறிதல்ல. 3840×2160 சட்டத்தில் 82,94,400 பிக்சல்கள். பிக்சலுக்கு நான்கு பைட் என்றால் சுருக்காத நிலையில் ஏறத்தாழ 33 மெகாபைட். ஒரே லேயரின் ஒரு நிமிடம் ஏறத்தாழ 24 கிகாபைட் ஆகிறது. சித்திரத்தின் வெற்றிடம் நன்கு சுருங்குவதால் வட்டில் இந்தச் சுமை பெரிதும் குறையும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வெக்டரின் திருத்த வசதியும் ஒருபடித்தானதல்ல. ஹார்மனியில் பென்சில் கருவி நடுக்கோட்டைச் சேமிக்கிறது. தூரிகைக் கருவி கோட்டின் புறவரையை மூடிய வடிவமாகச் சேமிக்கிறது. முன்னதில் தடிமனைப் பின்னர் எளிதில் மாற்றலாம். பின்னதில் ஒரு வளைவைத் திருத்த இரு ஓரங்களையும் இழுக்க வேண்டும். இரண்டும் பெயரளவில் வெக்டர். திருத்தத் தகுதியில் இரண்டுக்கும் இடைவெளி பெரிது. வண்ண நிரப்பிலும் வெக்டர் இடறுகிறது. சூழ்ந்த கோடுகளே பரப்பை ஆக்குவதால், ஒரு பிரேமில் இரு கோடுகள் மயிரிழை விலகினாலும் அந்தப் பரப்பு இல்லாமல் போய், நிறம் மறைந்து மினுக்குகிறது.

வெக்டரைப் பற்றிய மிகைக்கூற்று அதிகம் புழங்குவது மூன்றாம் அளவுகோலான அசைவில். கோடு பொருளாக இருப்பதால் இரு முக்கியச் சித்திரங்களுக்கு நடுவே வரும் இடைச்சித்திரங்களைக் கணினியே வரைந்துவிடும் என்ற நம்பிக்கை பழையது. பீட்டர் ஃபோல்டஸின் ‘லா ஃபேம்’ (1974) அந்த உத்தியின் இயல்பையே அழகியலாக்கிக்கொண்டது. உருவங்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக உருகுவது அங்கே பொருளுக்குப் பொருந்தியது. ஆனால் 1978இல் கணினி வரைகலை ஆய்வாளர் எட்வின் கேட்முல் சுட்டிய சிக்கல் இன்னும் தீரவில்லை. சித்திரம் முப்பரிமாண உருவின் இருபரிமாணத் தோற்றம். மறைந்த பகுதியைப் பற்றிய செய்தி அதில் இல்லை. பக்கவாட்டு முகம் முன்னோக்கித் திரும்பும்போது மறுகண் புதிதாகப் பிறக்கிறது. அதற்கு இணையான கோடு தொடக்கச் சித்திரத்தில் கிடையாது. டிஸ்னியின் ‘பேப்பர்மேன்’ (2012) படத்துக்கான மியாண்டர் கருவி வரைந்த கோடுகளை அசைவோடு ஏந்திச் சென்றது உண்மை. ஆயினும் அந்த அசைவு அடியில் இருந்த முப்பரிமாண உருவிலிருந்து வந்தது. அதன் வெற்றி கேட்முல்லின் கணிப்பை மெய்ப்பிக்கிறது. உறுப்புகளைத் தனித்தனியே வெட்டி மூட்டுகளில் இணைக்கும் கட்-அவுட் முறையில் மறைவுச் சிக்கல் பெரும்பாலும் எழாது. அங்கே வெக்டர் தன் தகுதியை முழுமையாக நிறுவுகிறது.

இதுவரை சொன்னவை வழக்கமான இருமைக்குள் அடங்கும். அந்த இருமையை உடைப்பது டூன்ஸ் ராஸ்டர். அதன் ஒவ்வொரு பிக்சலும் 32 பிட் கொண்டது. ஆனால் அதில் நிறமே இல்லை. 12 பிட் எந்த மை (கோடு) என்கிறது, 12 பிட் எந்தப் பூச்சு (பரப்பு) என்கிறது, எஞ்சிய 8 பிட் இவ்விரண்டின் கலப்பளவைச் சொல்கிறது. நிறம் வண்ணப்பட்டியலில் தனியே இருக்கிறது. இதனால் மூன்று நன்மைகள். சட்டையின் நிறத்தைப் பட்டியலில் ஒருமுறை மாற்றினால் 720 சித்திரங்களும் மாறுகின்றன. கோட்டின் மென்மையான ஓரம் கெடாமல் நிற்கிறது. பூச்சு கோட்டின் அடிவரை செல்வதால் ஓரத்தில் வெண்கசிவு எழுவதில்லை. எளிதான நிறமாற்றம் வெக்டருக்கே உரியது என்ற வாதம் இதன்முன் நிற்காது. பொருளை அறிவதற்குச் சமன்பாடு கட்டாயமல்ல. தான் எந்த மைக்கு உரியது என்பதைப் பிக்சலாலும் நினைவில் வைக்க முடியும்.

குறைகளையும் அதே கண்டிப்புடன் சொல்ல வேண்டும். ஒரு பிக்சலுக்கு ஒரே மை என்பதால் இரு நிறக் கோடுகள் வெட்டும் இடத்தில் ஒன்று மற்றதை விழுங்குகிறது. நீர்வண்ணக் கசிவுக்கு இந்த வடிவம் இடம் தராது. தெளிவுத்திறனும் மற்ற ராஸ்டரைப் போலவே வரையும்போதே முடிவாகிவிடுகிறது. ஆயினும் தாளில் வரைந்து, வருடி, தட்டையான வண்ணம் பூசும் மரபின் தேவையை இவ்வளவு துல்லியமாக உள்வாங்கிய வேறு தரவு வடிவத்தை நான் கண்டதில்லை. ‘இளவரசி மோனோனோகே’ (1997) தொட்டு ஜிப்லி ஸ்டுடியோ, ஓப்பன்டூன்ஸின் மூலமான டூன்ஸ் மென்பொருளைக் கைக்கொண்டதில் வியப்பில்லை.

கட்டமைப்பில் ஹார்மனி முந்துகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் ஒரே சித்திரத்துக்குள் நான்கு கலை அடுக்குகள் உண்டு. கோட்டை வெக்டராகவும் வண்ணத்தை பிட்மேப்பாகவும் வைத்து இரண்டையும் ஒன்றாகவே நகர்த்தலாம். ஓப்பன்டூன்ஸில் ஒரு லெவலுக்கு (சித்திரத் தொகுப்புக்கு) ஒரு வகைதான். கலக்க வேண்டுமானால் தனித்தனி நெடுவரிசைகளை அடுக்கி ஒத்திசைக்க வேண்டும். ஓப்பன்டூன்ஸ் நடுக்கோட்டு முறை, புறவரை முறை என இரு வழிகளில் ராஸ்டரை வெக்டராக்கித் தருகிறது. ஆனால் இது மீளாப் பயணம்: வெக்டராக்கினால் கரடு போகிறது, ராஸ்டராக்கினால் கட்டமைப்பு போகிறது. மூலச் சித்திரத்தை அழிக்காமல் வைத்திருப்பது இங்கே தொழில் ஒழுக்கம்.

தீர்ப்பு இது. கைவரைவு அசைவூட்டத்தின் இயல்புநிலை ராஸ்டராகவே இருக்க வேண்டும். கரடும் கலப்பும் பேசும் படத்துக்கு முழுநிற ராஸ்டர். தெளிந்த கோடும் தட்டை வண்ணமும் கொண்ட படத்துக்கு டூன்ஸ் ராஸ்டர். கட்-அவுட் உருவங்கள், எழுத்துருக்கள், பலமுறை அளவு மாறும் பொருள்கள் ஆகியவற்றுக்கு வெக்டர். உருப்பெருக்கத்தில் கூர்மை கெடாது என்ற ஒரே காரணத்துக்காக வெக்டரைத் தேர்வது சிறிய வசதிக்குப் பெரிய விலை கொடுப்பதாகும். வரைவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, இந்தக் கோட்டைத் திருத்த மீண்டும் வருவோமா என்பது. வருவோம் என்றால் அது பொருளாக இருக்கட்டும். வராதபோது, வரைந்த கணத்தின் தடமாகவே இருக்கட்டும். டூன்ஸின் தரவு வடிவமும் ஹார்மனியின் கட்டமைப்பும் ஒரே கருவியில் கூடும் நாளில் இந்தத் தீர்ப்பை மறுஆய்வு செய்யலாம்.