வெட்டாத கத்திகள்

போன மாதம் அமெரிக்காவில் இருக்கும் நண்பர் ஒருவர் வீடியோ காலில் தன் கத்திகளை எடுத்துக் காட்டினார். மொத்தம் பன்னிரண்டு. எல்லாமே கைவினைஞர்கள் ஆர்டர் வாங்கித் தனியாகச் செய்து கொடுத்தவை. ஒவ்வொன்றுக்கும் ஜிப் வைத்த பை, செய்தவர் கையெழுத்துப் போட்ட அட்டை. ஒரு கத்திக்கு மட்டும் இரண்டு வருஷம் காத்திருந்தாராம். மேசையில் ஒரு ஆப்பிள் இருந்தது. "அதை இதால ஒரு துண்டு போடுங்களேன், பார்ப்போம்" என்றேன். மனுஷர் பதறிட்டார். "ஐயய்யோ, ஆப்பிள்ல ஆசிட் இருக்கு. கறை பிடிச்சா விலை போச்சு!"

சேகரிப்பாளர்கள் நடுவில் இதற்கு ஒரு கேலிப்பெயரே உண்டு: 'சேஃப் குயின்'. இரும்புப் பெட்டியை விட்டு வெளியே வராத ராணி. அதாவது, அவர்களுக்கே இது தெரியும். அதனால் "கத்தின்னா வெட்டத்தானே?" என்று கேட்டுவிட்டு ஜெயித்த மாதிரி உட்கார எனக்கு விருப்பமில்லை. என் சந்தேகம் வேறு. வெட்டிப் பார்க்காமல் ஒரு கத்தி நல்ல கத்தி என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? அந்த முடிவு செய்கிற முறை, செய்கிறவர்களின் தொழிலை என்ன செய்கிறது?

ஒரு ஆளிடமிருந்து ஆரம்பிக்கிறேன். பாப் லவ்லெஸ். கப்பலில் வேலை பார்த்தவர். 1953இல் நியூயார்க்கில் அபர்க்ராம்பி அண்ட் ஃபிட்ச் கடைக்குப் போனார். அப்போது அது வேட்டை, மீன்பிடி சாமான்களுக்குப் பேர்போன கடை. அவர் கேட்டது ஃப்ளோரிடாவில் போ ராண்டல் செய்த கத்தி. ஒன்பது மாதம் ஆகும் என்றார்கள். காத்திருக்க மனசில்லாமல், பழைய இரும்புக்கடையில் கிடைத்த 1937ஆம் வருஷத்துப் பேக்கார்டு காரின் ஸ்பிரிங்கை எடுத்துத் தானே ஒரு கத்தி செய்துகொண்டார். அடுத்த வருஷம் அதே கடை அவரிடமே கத்திகள் வாங்கி விற்க ஆரம்பித்தது.

லவ்லெஸ் பெயர் நிற்பதற்குக் காரணம் 'டிராப் பாயின்ட்' என்கிற வடிவம். கத்தியின் முதுகு நேராகப் போய் முடியாமல், மெல்லச் சரிந்து முனையில் இறங்கும். இதை அவர் அழகுக்காகச் செய்யவில்லை. வேட்டையாடிய மானின் வயிற்றைத் திறக்கும்போது முனை மேலே தூக்கிக்கொண்டிருந்தால் குடலில் குத்திவிடும், கறி கெட்டுப்போகும். முனை இறங்கியிருந்தால் அந்தத் தொல்லை குறைவு. வேலையிலிருந்து பிறந்த வடிவம் அது. இன்றைக்குக் கடையில் கிடைக்கும் சாதாரண மடக்குக் கத்திகளில்கூட அந்தச் சரிவைப் பார்க்கலாம்.

அவருடைய கத்திகளை இன்று எப்படிப் பேசுகிறார்கள்? பெரும்பாலும் முத்திரையைப் பற்றி. அவர் கத்திகளில் பலவகை முத்திரைகள் உண்டு. ஒன்றில் நிர்வாணப் பெண் உருவம்கூட இருக்கும். எந்தக் காலத்து முத்திரை, பைக்குள் கத்தி எவ்வளவு புதுசாக இருக்கிறது என்பதைப் பொறுத்து விலை ஏறுகிறது, இறங்குகிறது. அதனால் போலிகளும் நிறைய. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. போலிக் கத்தி அசல் மாதிரியே மானை உரித்தால், அதில் எது போலி? முத்திரை மட்டும்தான். அப்படியென்றால் அந்தப் பெரிய விலை வெட்டும் திறனுக்குக் கொடுத்தது இல்லை. ஒரு கையின் தடத்துக்குக் கொடுத்தது. அது தப்பில்லை. ஆனால் அப்படி என்று ஒத்துக்கொள்ளணும். "உலகத்திலேயே சிறந்த வேட்டைக்கத்தி" என்று சொல்லிக்கொண்டு முத்திரைக்குக் காசு கொடுக்கும்போதுதான் எனக்கு இடிக்கிறது.

இதே உலகத்துக்குள் நேர் எதிரான ஒரு வழக்கமும் இருக்கிறது. 1976இல் தொடங்கிய அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டி கொல்லர்களுக்குத் தேர்வு வைக்கிறது. தொங்கவிட்ட ஒரு அங்குலக் கயிறை ஒரே வீச்சில் அறுக்கணும். கட்டடத்துக்குப் பயன்படும் 'டூ பை ஃபோர்' மரக்கட்டையை இரண்டு முறை வெட்டித் துண்டாக்கணும். அதற்கப்புறம் அதே கூரால் கை முடியைச் சிரைக்கணும். கடைசியில் கத்தியை வைஸில் இறுக்கி 90 டிகிரி வளைப்பார்கள். இரண்டாக உடையக் கூடாது. வளைத்த கத்தி அதோடு சரி, எதற்கும் ஆகாது. அந்தத் தொழிலில் ஒருத்தரின் திறமைக்குச் சரியான சாட்சி எதுவோ, அது தேர்விலேயே அழிந்துபோகிறது. சேகரிப்பாளர் கைக்கு வருவது அதனுடைய தம்பி, எந்தப் பரீட்சையும் எழுதாத தம்பி.

அடுத்து டமாஸ்கஸ். இன்று விலை கூடிய கத்திகளில் தண்ணீர் அலை மாதிரி வரிகள் தெரியுமே, அது. இந்த வேலையை அமெரிக்காவில் மறுபடி உயிர்ப்பித்தவர் பில் மொரான். 1973இல் ஒரு கண்காட்சியில் வைத்துக் காட்டினார்; தெரிந்துகொண்டதை ஒளிக்காமல் மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். செய்முறை இதுதான்: இரண்டு வகை எஃகை, உதாரணமாக 1095 என்ற கார்பன் எஃகையும் 15என்20 என்ற நிக்கல் கலந்த எஃகையும், தகடு தகடாக அடுக்கி, உலையில் காய்ச்சி அடித்து ஒட்டவைத்து, மடித்து மடித்து அடிப்பது. கடைசியில் அமிலத்தில் நனைத்தால் கார்பன் எஃகு கருக்கும், நிக்கல் எஃகு பளபளக்கும். வரி வந்துவிடும்.

பழைய டமாஸ்கஸ் வாள்களின் வரி இப்படி வந்ததில்லை. அந்த எஃகு நம்ம பக்கத்தது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசையில் உருக்கி எடுத்த எஃகு. 'வூட்ஸ்' என்று ஐரோப்பியர்கள் எழுதினார்கள். அந்தக் கட்டியைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி அடிக்கும்போது உள்ளே இருக்கும் கார்பைடுகள் வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசைதான் வரியாகத் தெரியும். அதற்குத் தாதுவில் இருந்த வனேடியம் மாதிரியான சிறு கலப்புகள் காரணம் என்று வெர்ஹோவன் என்ற உலோகவியலாளரும் ஆல்ஃபிரட் பெண்ட்ரே என்ற கொல்லரும் 1990களில் செய்து காட்டினார்கள். அங்கே வரி என்பது எஃகின் உள்குணம் வெளியே தெரிவது. இங்கே வரி என்பது கொல்லர் திட்டமிட்டுப் போடும் கோலம். கோலம் கஷ்டமான வேலைதான், சந்தேகமே இல்லை. ஆனால் நல்ல பதத்தில் தோய்ச்சல் கொடுத்த ஒற்றை எஃகுக் கத்தியைவிட அது நன்றாக வெட்டும் என்பதற்கு அந்த வரி சான்று ஆகாது. விற்கும் இடத்தில் இரண்டும் ஒரே பெயரில் போகின்றன. பழைய எஃகின் புகழைப் புது வரி இரவல் வாங்கிக்கொள்கிறது.

இப்போது மறுபக்கத்தையும் சொல்லிடணும். சேகரிப்பாளர்களின் பணம் இல்லையென்றால் இந்தக் கைவேலை பிழைத்திருக்காது. காய்கறி நறுக்க நான் ஒரு கத்திக்கு என்ன கொடுப்பேன்? அந்தக் காசுக்கு யாரும் ஒரு வாரம் பட்டறையில் நிற்க முடியாது. மொரானின் மாணவர்களும் அவர்களின் மாணவர்களும் உலை அணையாமல் வைத்திருப்பதற்கு என் நண்பர் மாதிரி ஆட்களும் ஒரு காரணம். அதனால் "வாங்காதே" என்றோ "வாங்கினால் வெட்டியே ஆகணும்" என்றோ நான் சொல்ல மாட்டேன்.

என் குறை பேச்சைப் பற்றியது. விலையைத் தீர்மானிப்பவர்கள் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் பேசினால், செய்கிறவர்களும் கண்ணுக்குத் தெரிவதில்தான் நேரத்தைப் போடுவார்கள். பாலிஷ், வரி, மாமூத் தந்தத்தில் பிடி. கூருக்குப் பின்னால் தகடு எவ்வளவு மெலிசு? எந்தச் சூட்டில் தோய்த்தார்? அரை மணி நேரம் பிடித்தால் கை வலிக்குமா? இதெல்லாம் போட்டோவில் விழாது. கேட்கிற ஆள் இருந்தால்தான் அந்தப் பக்கம் உழைப்பு போகும். நல்ல கொல்லர்கள் பலர் அதே எஃகில், அதே பதத்தில் ஒரு துண்டை உடைத்து உள்ளே மணி எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள். அந்த உடைந்த துண்டையும் பையில் போட்டுக் கொடுங்கள் என்று ஒரு சேகரிப்பாளர் கேட்கலாமே. கத்திக்குக் கீறல் விழாது, அட்டையைவிட நல்ல சான்றிதழும் அதுதான்.

இதை நண்பரிடம் சொன்னேன். அந்தப் பன்னிரண்டில் எது என்ன எஃகு என்று கேட்டேன். அட்டைகளை எடுத்துப் புரட்டினார். நாலுக்குத்தான் பதில் கிடைத்தது. மீதி எட்டு அட்டையிலும் கையெழுத்து மட்டும் அழகாக இருந்தது.