ஒப்புக்கொண்டவன் மாளத்தான் வேண்டுமா?

சிலம்பு உடைந்தது, மாணிக்கப் பரல் தெறித்தது, மன்னன் மயங்கி வீழ்ந்தான், மாண்டான். வழக்குரை காதையை வகுப்பிலே நடத்தி முடித்தேன். மாணவன் ஒருவன் எழுந்தான். "தவறு என்று ஒப்புக்கொண்டவன் ஏன் ஐயா சாகவேண்டும்? உயிரோடிருந்து திருத்தியிருக்கலாமே?" மணி அடித்துவிட்டது, பதில் சொல்லாமல் தப்பினேன். கேள்வி மட்டும் வீடு வரை தொடர்ந்து வந்தது.

பாண்டியன் நீதியை மேடைதோறும் முழங்குகிறோம். அரண்மனைச் சிலம்பில் முத்து, கண்ணகி சிலம்பில் மாணிக்கம். இந்த ஒரு சான்றே அவனுக்குப் போதுமானதாயிற்று. சாக்குத் தேடவில்லை, பழியைப் பொற்கொல்லன் தலையிலே ஏற்றித் தப்பவுமில்லை. பெருமைதான், மறுப்பார் யார்? ஆனால், அவன் மாண்டபின் நடந்தது என்ன? மதுரை எரிந்தது. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான். ஒருவன் செய்த வஞ்சகத்துக்கு ஆயிரம் உயிர்! தவறு திருந்தவில்லை தோழர்களே, பெருகிற்று!

ஒப்புதலுக்கு விலை உயிர் என்றால், ஒப்புவோர் எத்தனை பேர்? காப்பியம் காட்டாத இந்த மறுபக்கத்தை வரலாறு காட்டுகிறது.

வியன்னா பொது மருத்துவமனையின் முதல் மகப்பேற்றுப் பிரிவில், 1846இல் 4,010 மகப்பேறு. மாண்ட தாய்மார் 459 பேர். பிணத்தை அறுத்த கையோடு மருத்துவர்கள் பேறு பார்ப்பதே காரணம் என்று 1847இல் கண்டார் செம்மல்வைஸ். குளோரின் கலந்த சுண்ணக் கரைசலில் கை கழுவச் செய்தார். 1848இல் 3,556 மகப்பேறு, சாவு 45. மருத்துவமனைக் கணக்கே சாட்சி சொல்லிற்று! ஆயினும் ஐரோப்பியப் பேராசிரியர் பலர் ஏற்கவில்லை. அறியாமையா? அல்ல! ஏற்றால், 'அத்தனை தாய்மாரையும் கொன்றது என் கை' என்று அதே மூச்சில் ஒப்பவேண்டுமே! கீல் நகர மருத்துவர் மிக்கேலிஸ் ஏற்றார். தாம் மருத்துவம் பார்த்த உறவுப்பெண் மாண்டது நெஞ்சை அறுக்க, 1848இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவரும் ஒரு பாண்டியன்! செம்மல்வைசோ, 1861இல் எழுதிய வெளிப்படை மடல்களில், மறுத்தோரைக் கொலைகாரர் என்றே சாடினார். உண்மை அவர் பக்கம்தான். ஆனால், எதிரே நின்றவர் திரும்பிவர வழி வைத்தாரா?

பிழையைப் பற்றி நிற்பவன் பிழையைக் காக்கவில்லை, தன்னைக் காக்கிறான். சான்று வலுக்க வலுக்க அவன் பிடியும் இறுகுகிறது. இதை அறியாமல், "மூடனே!" என்று மேடையிலே முழங்கிக் கைதட்டல் பெறுகிறோம் நாம். அவன் திருந்தினானா? கதவைத் தாழிட்டுக்கொண்டான்!

சிலம்பை உடைத்துக் காட்டத்தான் வேண்டும். அதிலே தயக்கம் கூடாது. உடைத்தபின், "நேற்று அறியேன், இன்று அறிந்தேன்" என்று ஒருவன் தலைநிமிர்ந்து சொல்ல இடமும் வைக்கவேண்டும். அதுவும் பகுத்தறிவுப் பணியே.

மறுநாள் வகுப்பிலே சொன்னேன்: "தம்பி, நீ கேட்டது சரி. நேற்று நான் நடத்தியதுதான் குறை." எவரும் மாளவில்லை, பாடம் தொடர்ந்தது.